கணக்கேடும் தன்வரலாறும்: உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்காவில் அடிமைமுறை, சீர்திருத்தம், பொருளாதார மாற்றம்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அதற்கு முந்தைய ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முரண்கள் நிறைந்த காலப்பகுதியாகும். கால்வாய், இருப்புப்பாதை, நெசவாலை, அச்சகம் ஆகியன பெருகிய அதே காலத்தில் அடிமைகளின் தொகையும் பெருகியது. சமய எழுச்சி, மதுவிலக்கு, பெண்ணுரிமை எனப் பல சீர்திருத்த இயக்கங்கள் தோன்றிய அதே காலத்தில், அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலைக் குற்றமாக்கிய சட்டங்களும் இயற்றப்பட்டன. பொருளாதார வளர்ச்சி அடிமைமுறையைத் தானே அகற்றிவிடும் என்னும் நம்பிக்கை இக்காலத்தில் பொய்த்துப்போயிற்று.

இக்காலத்தை அறிய உதவும் எழுத்துச் சான்றுகளுள் இருவகை தனித்து நோக்கத்தக்கன. ஒன்று, பண்ணை உடைமையாளர் எழுதிய கணக்கேடு. மற்றொன்று, அடிமைத்தளையிலிருந்து மீண்டோர் எழுதிய தன்வரலாறு. முன்னது மனிதரை விலையாகவும் எடையாகவும் பதிவு செய்தது. பின்னது அவ்விலைக்கும் எடைக்கும் பின்னிருந்த வாழ்வைப் பதிவு செய்தது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போதே அக்காலப் பொருளாதாரமும் சீர்திருத்தமும் தெளிவுறும் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறியும் பண்ணையும்

தென்மாநிலங்களின் உட்பகுதிகளில் விளையும் குறுகிய இழைப் பருத்தியின் கொட்டைகள் பஞ்சோடு இறுக ஒட்டியிருப்பவை. கையால் கொட்டை நீக்கினால் ஒருவர் ஒரு நாளில் ஒரு பவுண்டு பஞ்சு எடுப்பதே அரிது. எலி விட்னி 1793இல் உருவாக்கி 1794இல் காப்புரிமை பெற்ற ஜின் என்னும் கொட்டை நீக்கும் பொறி இத்தடையை நீக்கியது. கைவேலையைக் குறைத்த இப்பொறி, அடிமைகளின் தேவையைக் குறைக்கவில்லை. கொட்டை நீக்கும் வேலை எளிதானதும் எவ்வளவு பருத்தி வந்தாலும் விற்கலாம் என்னும் நிலை உருவாயிற்று. பருத்தி பறிப்பதற்கோ பொறி இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது பெரும்பாலும் கைவேலையாகவே இருந்தது. எனவே பொறி மிச்சப்படுத்திய உழைப்பைப் போலப் பன்மடங்கு உழைப்பு வயலில் தேவைப்பட்டது.

இதன் விளைவை எண்களே காட்டுகின்றன. 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் ஏறத்தாழ 39.5 இலட்சமாக உயர்ந்தது. 1860 அளவில் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியாக இருந்தது. பிரித்தானிய ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் நான்கில் மூன்று பங்கு அமெரிக்காவிலிருந்தே சென்றது.

வெளிநாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருதல் 1808 சனவரி முதல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் உள்நாட்டு விற்பனைக்குத் தடையில்லை. புகையிலை விளைந்து மண் வளம் குன்றிய வர்ஜீனியா, மேரிலாந்து முதலிய பகுதிகளிலிருந்து அலபாமா, மிசிசிப்பி, லூசியானா முதலிய பருத்தி நிலங்களுக்கு, 1860க்கு முன் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் விற்கப்பட்டோ உடைமையாளரால் இடம்பெயர்க்கப்பட்டோ சென்றனர். ஒவ்வொரு விற்பனையிலும் பெற்றோரும் பிள்ளைகளும் பிரிக்கப்படும் வாய்ப்பு இருந்தது. சந்தையின் விரிவு என்று பொருளியல் நூல்கள் கூறுவது, அடிமைக் குடும்பங்களுக்குப் பிரிவாகவே அமைந்தது.

கணக்கேட்டில் மனிதர்

பண்ணை அடிமைமுறையைப் பழமையின் எச்சம் எனக் கருதும் போக்கு ஆய்வுலகில் நெடுங்காலம் இருந்தது. பண்ணைக் கணக்கேடுகள் இக்கருத்தை மறுக்கின்றன. மிசிசிப்பியில் வாழ்ந்த தாமஸ் அஃப்ளெக் என்பவர் 1840களின் பிற்பகுதியிலிருந்து பருத்திப் பண்ணைகளுக்கென அச்சிட்ட கணக்கேடுகளை வெளியிட்டார். ஒவ்வொருவரும் நாள்தோறும் பறித்த பருத்தியின் எடையைக் குறிக்க அதில் கட்டங்கள் இருந்தன. ஆண்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒவ்வோர் அடிமையின் மதிப்பையும் எழுதுவதற்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. குழந்தை வளர்ந்தால் மதிப்பு ஏறும். முதியவர் தளர்ந்தால் மதிப்பு இறங்கும். இத்தகைய கணக்குமுறை அக்காலத் தொழிற்சாலை நிருவாகத்திற்குச் சற்றும் பின்தங்கியதன்று.

அடிமைகளை ஈடாக வைத்துக் கடன் பெறுவதும் அக்கடனைக் கொண்டு புதிய நிலமும் அடிமைகளும் வாங்குவதும் வழக்கமாக இருந்தன. 1860இல் அடிமைகளின் மொத்தச் சந்தை மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல் என மதிப்பிடப்படுகிறது. நாட்டின் இருப்புப்பாதைகளிலும் ஆலைகளிலும் இடப்பட்ட மூலதனத்தின் கூட்டுத்தொகையைவிட இது மிகுதி. உடைமையாளர் அடிமைமுறையைத் தாமே கைவிடுவர் என எதிர்பார்க்க இயலாமைக்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

வட மாநிலங்களும் இக்கணக்கிற்குப் புறம்பானவை அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில் 1820களில் எழுந்த நெசவாலைகள் தெற்கின் பஞ்சையே நம்பியிருந்தன. அடிமைகள் உடுத்திய முரட்டுத் துணிக்கு ‘லோவெல்’ என்னும் ஊர்ப்பெயரே வழங்கியமை, வடக்கும் தெற்கும் பின்னிக் கிடந்ததை உணர்த்தும். அவ்வாலைகளின் பெண் தொழிலாளர்கள் 1834இலும் 1836இலும் கூலிக் குறைப்பு முதலியவற்றை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். நியூயார்க்கின் வணிகர்களும் கப்பல் உரிமையாளர்களும் பருத்தி வணிகத்தால் பெரும்பொருள் ஈட்டினர். அடிமைமுறையை எதிர்ப்போர் வடக்கிலும் சிறுபான்மையினராகவே இருந்ததற்கு இப்பொருளாதாரப் பிணைப்பு ஒரு காரணமாகும்.

சீர்திருத்தமும் அதன் எல்லையும்

1820களிலும் 1830களிலும் பரவிய சமய எழுச்சி, மனிதர் தம் பாவத்தைத் தாமே விலக்க இயலும் எனப் போதித்தது. மதுவிலக்கு, சிறைச் சீர்திருத்தம், பொதுக்கல்வி ஆகிய இயக்கங்கள் இவ்வுணர்விலிருந்து வலிமை பெற்றன. அடிமைமுறை ஒழிப்பும் இவற்றோடு இணைந்தது. எனினும் வெள்ளையர்களின் மனமாற்றத்தால் மட்டும் இவ்வியக்கம் பிறந்ததாகக் கூறுவது பொருந்தாது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவில் குடியேற்றும் நோக்கில் 1816இல் ஒரு சங்கம் அமைக்கப்பட்டபோது, 1817 சனவரியில் பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் பெருந்திரளாகக் கூடி அதனை மறுத்தனர். 1827இல் நியூயார்க்கில் கறுப்பினத்தவரே நடத்திய முதல் செய்தித்தாள் தோன்றியது. பாஸ்டனில் பழந்துணிக் கடை வைத்திருந்த டேவிட் வாக்கர் 1829இல் வெளியிட்ட சிறுநூல், கடலோடிகளின் வழியாகத் தென்துறைமுகங்களை அடைந்தது.

வில்லியம் லாயிட் காரிசன் தம் ‘லிபரேட்டர்’ இதழை 1831 சனவரி முதல் நாள் தொடங்கினார். அதன் தொடக்ககாலச் சந்தாதாரர்களுள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவரே. 1833இல் அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் பிலடெல்பியாவில் நிறுவப்பட்டது. எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. 1835இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சங்க வெளியீடுகள் அஞ்சலகத்திலிருந்து கைப்பற்றப்பட்டு எரிக்கப்பட்டன. 1837இல் இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் நகரில் எலைஜா லவ்ஜாய் என்னும் இதழாசிரியர் தம் அச்சுப்பொறியைக் காக்க முயன்றபோது கொல்லப்பட்டார். 1836 முதல் 1844 வரை மக்கள் பிரதிநிதிகள் அவை, அடிமைமுறைக்கு எதிரான விண்ணப்பங்களை விவாதிக்கவே மறுத்தது. விண்ணப்பங்களில் கையொப்பம் திரட்டியோருள் பெண்கள் பெருந்தொகையினர். பொதுவாழ்வில் பேசும் உரிமைக்காக அவர்கள் தொடங்கிய போராட்டம் 1848இல் செனகா ஃபால்ஸ் மாநாட்டிற்கு வழிவகுத்தது.

இயக்கத்திற்குள்ளும் ஏற்றத்தாழ்வு நிலவியது. மேடையில் பேச வந்த முன்னாள் அடிமை தம் துன்பத்தை மட்டும் கூறினால் போதும், அதற்கு விளக்கம் தருவதை வெள்ளையர் பார்த்துக்கொள்வர் என்று தமக்கு அறிவுறுத்தப்பட்டதை பிரடெரிக் டக்ளஸ் தம் 1855ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்துள்ளார். 1847இல் அவர் ராச்செஸ்டர் நகரில் தமக்கென ஓர் இதழ் தொடங்கியதன் பொருளை இப்பின்னணியில்தான் உணர இயலும்.

எழுத்தறிவும் தன்வரலாறும்

1829 முதல் 1834 வரையான ஆண்டுகளில் ஜார்ஜியா, வட கரோலினா, வர்ஜீனியா, அலபாமா, தென் கரோலினா ஆகிய மாநிலங்கள் அடிமைகளின் எழுத்தறிவைத் தடுக்கும் சட்டங்களை இயற்றின அல்லது கடுமையாக்கின. வாக்கரின் நூலும் 1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் நிகழ்ந்த கிளர்ச்சியும் ஆட்சியாளர்களின் அச்சத்தை வளர்த்தன. கணக்கேடு எழுதும் உரிமை உடைமையாளருக்கு மட்டுமே உரியதாக இருக்கவேண்டும் என்பதே இச்சட்டங்களின் உட்பொருள்.

டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாறு இதற்கு நேர்மறுப்பாகும். தம் பிறந்த நாளைத் தாம் அறியார் என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். பால்டிமோரில் எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கிய வீட்டுத் தலைவியை அவள் கணவன் தடுத்தபோது, கல்வியே விடுதலைக்கு வழி என்பதை அத்தடையிலிருந்தே அவர் உணர்ந்துகொள்கிறார். தெருச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்துப் படிக்கக் கற்கிறார். கப்பல் கட்டுமிடத்தில் மரங்களின் மீது தச்சர் குறித்த எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகுகிறார். உடைமையாளர் இறந்தபின் சொத்து மதிப்பீட்டிற்காக ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் குதிரை, ஆடு, பன்றிகளோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டதை அவர் விவரிக்கிறார். கணக்கேட்டில் ஒரு வரியாக முடியும் நிகழ்ச்சி, மதிப்பிடப்பட்டவரின் பார்வையில் இங்கு எழுதப்படுகிறது. 1838இல் தப்பிய டக்ளசின் சட்டப்படியான விடுதலையைக்கூட 1846இல் பிரித்தானிய நண்பர்கள் 150 பவுண்டு கொடுத்தே பெறவேண்டியிருந்தது. மனிதரை விலைகொடுத்து மீட்பது அவ்விலையை ஏற்பதாகாதா என்று ஒழிப்பு இயக்கத்தவர் சிலர் வினவினர்.

சாலமன் நார்த்தப் நியூயார்க்கில் சுதந்திரராகப் பிறந்தவர். 1841இல் கடத்தப்பட்டு லூசியானாவில் பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாயிருந்த அவர், 1853இல் மீண்டு தம் வரலாற்றை வெளியிட்டார். புதிதாக வயலுக்கு வந்தவர் முதல் நாளில் சாட்டையடிக்கு இடையே இயன்ற அளவு வேகமாகப் பறிக்கவேண்டும். மாலையில் எடை பார்த்து அதுவே அவருக்குரிய அளவாக வரையறுக்கப்படும். நாளொன்றுக்கு 200 பவுண்டு பொதுவான அளவு. குறைந்தால் தண்டனை; மிகுந்தால் மறுநாள் அளவு உயரும். எனவே கூடையுடன் எடை மேடையை அணுகுவோர் அனைவரும் அச்சத்துடனேயே அணுகினர் என்கிறார் நார்த்தப். அஃப்ளெக்கின் கணக்கேட்டுக் கட்டங்கள் எவ்வாறு நிரப்பப்பட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான உரை இல்லை.

ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் புனைபெயரில் வெளியிட்ட நூல், பெண்ணின் உடல் மீதான உடைமையாளரின் ஆதிக்கத்தைப் பேசுகிறது. தப்பிப்பதற்காகப் பாட்டியின் வீட்டில் கூரைக்கடியிலுள்ள சிறு பரணில் ஏறத்தாழ ஏழாண்டுகள் மறைந்திருந்த அவர், கீழே தம் பிள்ளைகளின் குரலைக் கேட்டும் அவர்களை அழைக்க இயலாத நிலையில் வாழ்ந்தார்.

பருத்தியின் இந்தியத் தொடர்பு

அமெரிக்க ஒழிப்பு இயக்கத்தின் பார்வை இந்தியா மீதும் விழுந்தது. காரிசனின் நண்பரும் 1834-35இல் அமெரிக்காவில் பரப்புரை செய்தவருமான ஜார்ஜ் தாம்சன் உள்ளிட்டோர் 1839இல் இலண்டனில் பிரித்தானிய இந்தியச் சங்கத்தை அமைத்தனர். இந்தியப் பருத்தி பெருகினால் அடிமைப் பருத்திக்குச் சந்தை குறையும் என்பது அவர்கள் கணிப்பு. அதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1840இல் அமெரிக்கத் தோட்டக்காரர் சிலரை இந்தியாவிற்கு அழைத்துவந்தது. கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளைத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842 முதல் 1853 வரை மேற்பார்வையிட்டார். இம்முயற்சி அமெரிக்கப் பருத்தியின் ஆதிக்கத்தைத் தகர்க்கவில்லை. சந்தையைச் சந்தையாலேயே திருத்தலாம் என்னும் எண்ணமும் அதனுடன் தோல்வியுற்றது.

சான்றாக ஏற்பதில் எழுந்த தடை

போருக்குப் பின்னரும் இத்தன்வரலாறுகள் நெடுங்காலம் வரலாற்றுச் சான்றாக ஏற்கப்படவில்லை. 1918இல் அடிமைமுறை பற்றி விரிவாக எழுதிய யு. பி. பிலிப்ஸ், பண்ணை ஆவணங்களை நம்பிய அளவிற்கு இவற்றை நம்பவில்லை. 1972இல் ஜான் பிளாசிங்கேமின் ஆய்வு இந்நிலையை மாற்றியது. ஜேக்கப்சின் நூல் புனைவு என ஒதுக்கப்பட்டிருந்தது. ஜீன் ஃபேகன் யெலின் 1980களில் கடிதங்களைக் கொண்டு அதன் உண்மையை நிறுவினார். பருத்தி பறிப்பின் அளவு உயர்ந்ததற்குப் புதிய விதை வகைகளே காரணம் என ஓம்ஸ்டெடும் ரோடும் 2008இல் வாதிட்டனர். சாட்டையின் கணக்கீடே காரணம் என எட்வர்ட் பாப்டிஸ்ட் 2014இல் வாதிட்டார். விதையின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆயினும் கூடிய விளைச்சலின் பயன் பறித்தவரைச் சேராமல், அடுத்த நாளின் கட்டாய அளவை உயர்த்தவே பயன்பட்டது என்பதை நார்த்தப்பின் எழுத்து தெளிவுறுத்துகிறது.

முடிவுரை

பொறியும் சந்தையும் கடனும் கணக்குமுறையும் அடிமைமுறையைத் தளர்த்தாமல் இறுக்கின என்பதும், சீர்திருத்த இயக்கங்கள் கறுப்பின மக்களின் முன்முயற்சியாலும் சான்றுரையாலுமே வலுப்பெற்றன என்பதும் மேற்கண்டவற்றால் புலனாகின்றன. 1865இல் பதின்மூன்றாம் சட்டத்திருத்தம் அடிமைமுறையை ஒழித்தபோது, அது பொருளாதாரத்தின் இயல்பான முதிர்ச்சியால் நிகழவில்லை. எழுத்தாலும் தப்பியோடலாலும் இறுதியில் போராலும் நிகழ்ந்தது. அப்போரில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் பங்கேற்றனர். ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கியதும் இங்கு நினைக்கத்தக்கது.

வளர்ச்சியைக் காட்டும் எந்தக் கணக்கையும் அக்கணக்கில் எடையாகவும் விலையாகவும் எழுதப்பட்டோரின் சான்றுரையோடு இணைத்தே படிக்கவேண்டும். தன்வரலாறுகளை இலக்கிய வகையாக மட்டுமன்றி வரலாற்றின் முதன்மைச் சான்றாகவும் கொள்ளவேண்டிய தேவையை இக்காலப்பகுதி உணர்த்துகிறது.