ஜாலான் அம்பாஸ் படங்களும் இந்திய இயக்குநர்களும்

பழைய மலாய்த் திரைப்படங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவரிடையே இருவகைக் கருத்துகள் நிலவக் காண்கிறோம். அவை இந்தியப் படங்களின் நகல்களே, தனியே ஆராயத்தக்க சிறப்பு அவற்றில் ஏதுமில்லை என்பர் ஒரு சாரார். பி. ராம்லி இயக்குநரான பின்னரே மலாய்ப் படக்கலை பிறந்தது, அதற்குமுன் இந்தியர் எடுத்தவை கணக்கில் வைக்கத்தக்கனவல்ல என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் படங்களைப் பார்த்துச் சொன்ன கருத்துகளாகத் தோன்றவில்லை. பார்த்துச் சொல்வோமாயின் செய்தி வேறாக இருக்கிறது.

சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட முதல் மலாய்ப் பேசும்படம் 1934இல் திரைக்கு வந்த 'லைலா மஜ்னூன்'. அதை இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்னும் வட இந்தியர். போர் முடிந்தபின், 1947இல் ஷா சகோதரர்கள் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில் மலாய்ப் படத் தொழிலை முறையாகத் தொடங்கினர். முதலீடு சீனருடையது, நடிப்பும் பாட்டும் மலாய்க்காரருடையவை, இயக்கமோ பெரும்பாலும் இந்தியருடையது. அந்நாளில் மலாய் மக்கள் இந்தியப் படங்களை விரும்பிச் சென்று பார்த்தனர். ஆகவே அத்தொழிலறிந்தோரை இந்தியாவிலிருந்து வரவழைப்பதே ஊதியத்துக்கு உகந்த வழியென வணிகர் கண்டனர். 1967இல் அந்நிலையம் மூடப்படுமுன் 150க்கு மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின.

அப்படங்களில் குறையில்லை என்று சொல்ல வரவில்லை. வந்தவர்களிற் பலருக்கு மலாய்மொழி தெரியாது. கதைகள் பலவும் இந்தியாவில் ஓடித் தேய்ந்த கதைகள். கம்பத்துப் பெண்ணொருத்தி மரத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டு ஓடுவதை எந்தக் கம்பத்தில் கண்டார்களோ, நாமறியோம்!

ஆயினும் இந்தக் குறைநிறைந்த பட்டறையில்தான் ராம்லி தொழில் பயின்றார். 1929இல் பினாங்கில் பிறந்த அவரைக் கண்டெடுத்துச் சிங்கப்பூருக்கு அழைத்தவர் ராஜ்ஹன்ஸ். 1948இல் வெளியான 'சிந்தா'வில் அவருக்குத் தீயவன் வேடம். கதாநாயகன் பாடுவதாகக் காட்டப்பட்ட பாடல்களுக்குப் பின்னிருந்து குரல் கொடுத்தவரும் அவரே. குரல் அவருடையது, புகழ் மற்றவருடையது என்னும் அந்நிலை நீங்கியது 1950இல். அவ்வாண்டு 'பக்தி' என்ற படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். சென்னையிற் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர் இவர். மலாய் மக்களின் பேச்சும் வழக்கமும் அறிந்தவராதலின், ஏனையோர் காணாததை இவர் கண்டார் எனலாம். (சிந்தா, பக்தி என்னும் இப்பெயர்களைத் தமிழாசிரியர்கள் கவனித்திருப்பர். நாம் 'சிந்தை' என்பதன் உறவுச்சொல் மலாயில் காதலைக் குறிக்கிறது. நம் 'பக்தி' அங்கே தொண்டும் பணியுமாகிறது. வடசொல் ஒன்றே இரு வீடுகளிற் புகுந்து இருவகையாக வாழ்கிறது.)

பி. என். ராவையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 'ரம்பையின் காதல்', 'சாலிவாகனன்' ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியபின் சிங்கப்பூருக்கு வந்தவர் அவர். இசைக்கலைஞன் ஒருவனின் வாழ்வு சிதைவதைக் காட்டும் 'ஹூஜான் பானாஸ்' (1953) அவர் எடுத்தது. அதில் நடித்தவர் ராம்லி. ஒன்பதாண்டுகளுக்குப் பின் ராம்லியே இயக்கிய 'ஈபு மெர்துவாக்கு' (1962) படத்திலும் நாயகன் இசைக்கலைஞனே. செல்வச் செருக்குடைய மாமியார், பிரிக்கப்பட்ட காதலர், அழுதழுது பார்வை இழக்கும் கணவன் என்று எல்லாம் நம் படங்களிற் பழகியவை. ஆயின் ராம்லி அந்த வழியிலேயே சென்று, எவரும் செல்லத் துணியாத எல்லைவரை சென்றுவிட்டார். பார்வையை மீட்டுத் தந்த மருத்துவரே தன் மனைவியை மணந்தவர் என்று அறிந்த காசிம் செலாமாட், முள்கரண்டியால் தன் கண்களைத் தானே குத்திக் கொள்கிறான். நம் படங்களாயின் இவ்விடத்தில் மன்னிப்பும் ஒரு பாட்டும் வந்திருக்கும். பலரும் ராம்லியின் தலைசிறந்த படம் இதுவே என்பர். கடைசிக் காட்சியின் வலிமையை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் என் தேர்வு இதுவன்று.

என் தேர்வு 1959இல் வெளிவந்த 'பெண்டேக்கார் பூஜாங் லாப்போ'. ராம்லி, எஸ். சம்சுதீன், அஜீஸ் சத்தார் மூவரும் வயது கடந்த மணமாகா ஆடவராக வருகின்றனர். சிலம்பம் போன்ற சீலாட் கலை பயில ஆசானிடம் செல்கின்றனர். எழுத்தறியாதவர்கள் என்பது அங்கே வெளிப்பட, முதியோர் வகுப்பில் அமர்கின்றனர். பாடம் நடத்துபவள் ஆசானின் மகள். ஜாவி எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரியாகவே கூட்டுகிறார்கள். கூட்டி முடித்தபின் வாயிலிருந்து வரும் சொல்லோ அவ்வெழுத்துகளுக்குச் சிறிதும் தொடர்பில்லாத வேறொரு சொல்! தோட்டப்புறங்களில் முதியோர்க்கு இரவுப்பள்ளி நடத்திய தமிழாசிரியர்க்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை. கல்லாதவனை இகழ்ந்து சிரிக்க வைப்பது எளிது. இங்கே நாம் சிரிப்பது எழுத்தைப் பார்த்து மருளும் அந்தப் பெரிய மனிதரோடு, அவரைப் பார்த்தன்று. இந்நகைச்சுவையை எந்த இந்தியப் படத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது. அது அவர் வாழ்ந்த தெருவிலிருந்து வந்தது.

அவர் முதன்முதல் இயக்கிய 'பெனாரெக் பேச்சா' (1955) இந்த மாற்றத்தின் தொடக்கம். அப்போது அவருக்கு வயது 26. ஏழைப் பேச்சாக்காரன் செல்வர் மகளைக் காதலிக்கும் கதை. கதை பழையது, ஆயினும் மிதிவண்டியும் கம்பத்து வீடும் அங்கு வாழ்வோரும் உண்மை. 'செனிமான் பூஜாங் லாப்போ' (1961) இன்னும் சுவையானது. அதில் அம்மூவரும் நடிகராக வேலை தேடிப் படப்பிடிப்பு நிலையத்துக்கே வருகின்றனர். வாயிலில் சீக்கியக் காவலர், உள்ளே மலாய் இயக்குநர். தம்மை உருவாக்கிய பட்டறையையே அன்போடு கேலி செய்கிறார் ராம்லி. நன்றியறிதலில் இதுவும் ஒருவகை.

1963 பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் அதே ஆண்டு டிசம்பரில் மலேசியாவிலும் தொலைக்காட்சி தொடங்கியது. கொட்டகைக் கூட்டம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கோலாலம்பூருக்கு 1964இல் குடிபெயர்ந்த ராம்லி, 1973இல் மறைந்தார். இறுதி ஆண்டுகளில் அவர் படங்களுக்குப் பழைய வரவேற்பு இல்லை. அதே தொலைக்காட்சிதான் பின்னர் அப்படங்களை மீண்டும் மீண்டும் காட்டி, அவர் மறைந்தபின் பிறந்தவர்களுக்கும் அவரை வீட்டு மனிதராக்கியது.

எல்லாப் படங்களுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. 1957இல் பி. என். ராவ் கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக எடுத்து, மரியா மெனாடோ பேயாக நடித்து, சிங்கப்பூரில் பெருவெற்றி கண்ட 'பொந்தியானாக்' படத்தின் சுருள் இன்று கிடைக்கவில்லை. தமிழ்ப்பட அனுபவத்தை ராவ் அதில் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதைப் படத்தைக் கொண்டு ஆராய இனி வழியில்லை. அன்று பத்து வயதில் கொட்டகையில் அமர்ந்து அஞ்சி நடுங்கியவர்கள் இன்று எண்பதை நெருங்கியும் கடந்தும் இருக்கின்றனர். அவர்கள் நம் வீடுகளிலும் இருக்கக் கூடும். கேட்டு எழுதி வைக்க மாணவர்களை அனுப்பலாம்.