8,000 பவுண்டு 32,000 ஆன கதை

நான் சரித்திர வாத்தியார், கம்ப்யூட்டர் என் பாடமில்லை. ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பிரிட்டனில் பல தபால் நிலையங்களை ஒப்பந்தத்தின் பேரில் சாதாரண மனிதர்கள் தங்கள் கடையோடு சேர்த்து நடத்துகிறார்கள். அந்தக் காலத்தில் கணக்கில் துண்டு விழுந்தால் கைப்பணத்தைக் கட்ட வேண்டியிருந்தவர்களும் அவர்களே. 1999 முதல் அங்கெல்லாம் புஜித்சு நிறுவனத்தின் 'ஹொரைசான்' மென்பொருள் வைக்கப்பட்டது. அதன்பின் காரணமே தெரியாமல் கணக்கு உதைக்கத் தொடங்கியது.

எப்படி? 2015-இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் நடந்ததைப் பாருங்கள். 8,000 பவுண்டு ரொக்கத்தைப் பதிவு செய்யும்போது திரை அசையாமல் நின்றுவிட்டது. திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்த, அதே தொகை நான்கு முறை ஏறி 32,000 ஆகிவிட்டது. இல்லாத 24,000 பவுண்டு கணக்கில் வந்து உட்கார்ந்தது!

உதவி கேட்டு போன் செய்த பலருக்கும் கிடைத்த பதில், "வேறு யாருக்கும் இப்படி இல்லையே" என்பதுதான். தபால் நிறுவனம் தானே வழக்கும் போட்டது. கம்ப்யூட்டர் சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்வது அந்நாட்டுச் சட்டம். தவறு என்று சொல்பவர் ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு கடைக்காரர் எங்கே போவார் ஆதாரத்துக்கு?

2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆனார்கள். வீட்டை விற்றவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா 2010-இல் கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனார்.

பதவி பறிக்கப்பட்ட ஆலன் பேட்ஸ் என்பவர் பாதிக்கப்பட்டவர்களைத் திரட்டினார். 555 பேர் வழக்காடினார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2021-இல் சீமா உட்பட 39 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-இல் மற்றவர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

பிழையில்லாத மென்பொருள் கிடையாது என்கிறார்கள், இருக்கட்டும். பிழை தெரிந்த பிறகும் அதை மறைத்து, எளியவனைத் திருடன் என்று கூண்டில் ஏற்றியதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஒரு செப்பேடு கிடைத்தால் யார் எழுதியது, எப்போது எழுதியது, போலியா என்று ஆயிரம் கேள்வி கேட்கச் சொல்லித்தான் வகுப்பில் பாடம் நடத்தினேன். அரசனின் செப்பேட்டுக்கே அந்தச் சோதனை உண்டு என்றால், கம்ப்யூட்டர் கக்கும் காகிதத்துக்கு மட்டும் ஏன் விலக்கு? உங்கள் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.