குதிரைக்குப் பொன் உண்டு, லாடத்துக்கு ஆள் இல்லை

நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். பாண்டியன் பொன் கொடுத்துக் குதிரை வாங்கி வரச் சொன்ன கதை அது. அதன் பின்னணியில் பெரிய வியாபாரமே நடந்திருக்கிறது. கடல் வழியாக வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகளைச் சோழர் கல்வெட்டுகளில் காண்கிறோம். சரி, வாங்கியாச்சு. வாங்கியதை ஒழுங்காக வைத்துப் பழக்கினார்களா?

கி.பி. 1292 வாக்கில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு கணக்குத் தருகிறார். அரசன் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் குதிரை வாங்குகிறான்; ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை. காரணம், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, லாடம் அடிக்க ஆளில்லை. விற்கும் வணிகர் லாடக்காரரை அழைத்து வருவதில்லை, வர விடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே மறுபடி விற்பனை!

சில ஆண்டுகள் கழித்து எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் சொல்வதும் இதே பக்கம்தான். கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் செத்தாலும் விலை உண்டு. பெருக்கிப் பாருங்கள், 3,08,000 தினார்! இங்கே வந்த குதிரைக்கு வறுத்த பார்லியும் நெய் கலந்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பாலைக் குடிக்க வைத்து, 40 நாள் கொட்டிலில் கட்டிப் போட்டுக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு பழக்காமல், அங்கவடியும் இல்லாமல், மேலே ஏறி விரட்டுவார்களாம். கொஞ்ச நாளில் குதிரை சோர்ந்து உதவாமல் போய்விடும்.

இருவரும் அயலார், கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனாலும் தனித்தனியே எழுதிய இருவரும் ஒரே குறையைச் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

நம் பக்கத்துச் சந்திரகிரிக்கும் இதில் பங்கு உண்டு. அங்கிருந்து எழுந்து 1485-இல் விசயநகர அரியணை ஏறியவர் சாளுவ நரசிம்மர். அவர் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை என்று வாங்கினார், கடலில் இறந்ததற்கு வாலை மட்டும் காட்டினாலும் பணம் கொடுத்தார் என்று போர்ச்சுகீசியர் நூனிஸ் 1530-களில் எழுதினார். படைக்குக் குதிரை வந்து சேர வேண்டுமே என்ற அவசரம் அவருக்கு. வணிகனுக்கோ நஷ்டமே இல்லாத வியாபாரம்.

வியாபாரி கண்ணால் பார்த்தால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. முதலை எல்லாம் சரக்கில் போட்டார்கள். சரக்கைக் காப்பாற்றும் செலவுக்கு ஒன்றும் வைக்கவில்லை. இன்று பந்தயக் குட்டிகளைப் பழக்குகிறவர்களுக்கும் இதுவே சோதனை. இளங்குதிரைக்கு எலும்பு முற்றும் வரை நடையும் மெல்லோட்டமுமே முக்கியம். குளம்பைச் சீவி லாடம் மாற்ற 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை ஆள் வேண்டும். வேலைக்குத் தக்க தீனி வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கு அள்ளிப் போடக்கூடாது. இதற்கெல்லாம் அரண்மனை லாயம் தேவையில்லை. பொறுமையும் தொழில் தெரிந்த ஒரு கையும் போதும்.

சாந்திபுரத்துக்கு அதிக தூரமில்லாத ஓசூர் மத்திகிரியில், 1824-இல் கம்பெனியார் படைக்குதிரைக்கென்றே பண்ணை வைத்தார்கள். குதிரையை வாங்கினால் மட்டும் போதாது, அதற்கு இடமும் ஆளும் வேண்டும் என்ற கணக்கு அது. பாண்டியரிடம் பொன்னுக்குக் குறைவில்லை. இந்தக் கணக்குத்தான் விட்டுப்போயிற்று. புதிதாகத் தொழில் தொடங்கும் நம் இளைஞர்கள், குதிரையே ஆனாலும் கடையே ஆனாலும், இதை நினைவில் வைப்பது நல்லது.