இரண்டு அங்குலச் சக்கரம்

ஸ்கேட்போர்டின் சக்கரம் இரண்டு அங்குலம்தான் இருக்கும். வழியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு ஜல்லி கிடந்தால் போதும், போர்டு நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போய் விழுவார். அதனால் இந்த விளையாட்டின் வரலாற்றைப் பலகையிலிருந்து தொடங்குவதைவிடத் தரையிலிருந்து தொடங்குவதே சரி.

கலிஃபோர்னியாவில் தரை ஏற்கெனவே இருந்தது. கடலில் அலை இல்லாத நாட்களில் சர்ஃபிங் பையன்கள் சிமெண்ட் ரோட்டில் சறுக்கினார்கள். 1970களில் பாலியூரித்தேன் சக்கரம் வந்தது, பிடிமானம் கூடியது. 1976-77 வறட்சியில் வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தபோது வேலி தாண்டிக் குதித்து, அந்த வளைந்த சுவர்களில் ஏறி இறங்கினார்கள். இன்றைய ஸ்கேட்பார்க் கிண்ணங்களில் அந்தக் குளங்களின் சாயல் இருக்கிறது. எல்லாம் அடுத்தவன் வீட்டுக் குளம்!

நம் கிராமங்களில் கதை தலைகீழ். மண் தெருவில் போர்டு ஓடாது. முதலில் தரையைக் கட்டியாக வேண்டும், ஆடுகிறவர்கள் பிறகுதான் வருவார்கள். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு சிற்றூர். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக்கே ரைன்ஹார்ட்டின் முயற்சியில் 2015இல் அங்கே ஒரு ஸ்கேட்பார்க் எழுந்தது. விதிகள் இரண்டுதான்: பள்ளிக்கூடம் போகலைன்னா போர்டு கிடையாது, பொண்ணுங்களுக்குத்தான் முதலிடம். வெளியிலிருந்து ஒருவர் வந்து ஊருக்கு விதி போடுவது எனக்குக் கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது. ஆனால் ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒரே சரிவில் வரிசையில் நின்றது அங்கேதான். அவர்களில் ஒருவரான ஆஷா கோண்ட் 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டிக்குப் போனார்.

நம் பக்கம் மாமல்லபுரம். அங்கே கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சறுக்கிய கமலி என்ற சிறுமியின் படத்தை டோனி ஹாக் பகிர, உலகமே பார்த்தது. சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ குறும்படம் 2020இல் பாஃப்டா பரிந்துரை வரை சென்றது. எனக்கு அந்தப் படத்தில் முக்கியமானவர் கமலியின் அம்மாதான். தனக்குக் கிடைக்காத வெளியை மகளுக்கு விட்டுக்கொடுக்கிற பெண்.

மாமல்லபுரத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் வந்தால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியதிலிருந்து வயலும் ஏரிக்கரையுமாக இருந்த இந்தப் பகுதியில் கொட்டப்பட்ட கான்கிரீட்டுக்குக் கணக்கில்லை. ஒரகடத்தில் வண்டிகளைச் சோதிப்பதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதற்குள் வழவழவென்று சோதனைத் தடங்கள். ஜன்வாரில் காசு திரட்டிக் கட்ட வேண்டியிருந்த தரை இங்கே கேட்டுக்கும் செக்யூரிட்டிக்கும் பின்னால் ஏக்கர் கணக்கில் கிடக்கிறது. கேட்டுக்கு வெளியே கன்டெய்னர் லாரியும் ஷிப்ட் பஸ்ஸும் போகிற ரோடு. அதன் ஓரத்தில் மணலும் ஜல்லியும்.

2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள். பெரும்பாலும் வெளியூர்க் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். ‘பொண்ணுங்களுக்குத்தான் முதலிடம்’ என்ற பலகையை இந்தப் பக்கம் எங்காவது மாட்டுவதாக இருந்தால், ஷிப்ட் முடிந்து அவர்கள் நடந்தே வரக்கூடிய தூரத்தில் மாட்ட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கும் லைட் எரிய வேண்டும்.