சயாமுக்குப் போன கூட்ஸ் வண்டி

பழைய இரயில் என்றதும் நம் கண்முன் வருவது புகை கக்கும் எஞ்சின்தான். சினிமா பார்த்தே பழகிவிட்டோம்! பின்னால் வரும் கூட்ஸ் பெட்டியை யார் நினைக்கிறோம்? மலாயாத் தமிழரின் கதையில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கியது. முதலில் ஈயம் போனது, பிறகு ரப்பர். தண்டவாளம் போட்டவர்களிலும் பட்டறையில் உழைத்தவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் தமிழர் வட்டாரங்களானது அப்படித்தான்.

மலாயாப் பாதையின் அகலம் ஒரு மீட்டர். சயாமிலும் பர்மாவிலும் அதே அகலம். ஜப்பானியர் காலத்தில் இதுவே எமனானது. 1942, 43-ஆம் ஆண்டுகளில், மலாயாவிலேயே ஆட்களை ஏற்றிய பெட்டி நேராக சயாமின் பான் போங் வரை போக முடிந்தது. 415 கிலோமீட்டர் மரண இரயில் பாதைக்கு இங்கிருந்து மட்டும் 70,000-க்கும் அதிகமானோர் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அரிசி ஏற்றும் இரும்புப் பெட்டி, பகலில் அடுப்பு; இரவில் குளிர். தண்டவாளத்தையும் விட்டுவைக்கவில்லை. தம்பின்–மலாக்கா பாதையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மலாக்கா நகருக்கு அதன்பின் இரயிலே திரும்பவில்லை.

அத்தகைய பெட்டி ஒன்றைச் சீரமைத்து மறுபடியும் ஓட்ட முடியுமா? முடியும். சபாவில், இங்கிலாந்தின் வல்கன் ஆலையில் 1954-இல் செய்யப்பட்ட விறகு எஞ்சின், 2000-ஆம் ஆண்டு சுற்றுலா இரயிலாக மறுபிறவி எடுத்தது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை இரயிலுக்கு, திருச்சி பொன்மலைப் பட்டறை நீராவி எஞ்சினைப் புதிதாகவே செய்து கொடுத்தது.

ஆனால் காட்சிக்கு வைப்பது வேறு, ஓட்டுவது வேறு. காட்சிக்குப் பெயிண்ட் போதும். ஓட வேண்டுமென்றால் சக்கரத் தேய்மானத்தை அளக்க வேண்டும். அச்சில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். அச்சுப் பெட்டிக்குள் எண்ணெய் ஊறிய பஞ்சு காய்ந்தால் சூடேறி அச்சே முறியும். பழைய வெற்றிட பிரேக் இன்றைய காற்றழுத்த பிரேக்கோடு சேராது. துருவேறிய தகட்டை வெட்டிப் புதிதாக ஒட்ட வேண்டும். அப்புறம் அது பழைய பெட்டிதானா என்று ஒருவர் கேட்பார். கலந்துரையாடல் சூடு பிடிக்கும். அடிச்சட்டமும் கதவும் உள் அளவும் மாறாதிருந்தால் அது பழைய பெட்டியே என்பது என் கட்சி.

கிள்ளான் பாதையில் என்றாவது பாரம்பரிய இரயில் விட்டால், சொகுசுக் கோச்சுகளுக்குப் பின்னால் அப்படியொரு பெட்டியும் வரட்டும். அதில் நாற்காலி வேண்டாம், மின்விசிறி வேண்டாம். அதற்கு முன், செந்தூல் பட்டறையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அச்சுப் பெட்டிக்குப் பஞ்சு அடைக்கும் பக்குவத்தை இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.