வெண்ணெய் உண்டு, பால் இல்லை: ஒரு விலக்கின் வரலாறு

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறையை மேற்கொள்பவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு புதிரைச் சந்திக்கிறார்கள். வெண்ணெய் உண்ணலாம், நெய் உண்ணலாம், பாலாடைக்கட்டி அளவோடு உண்ணலாம். ஆனால் பால் அருந்தக் கூடாது. இவை அனைத்தும் ஒரே மடியிலிருந்து கறந்தவை அல்லவா? தாய்க்கு விலக்கும் மக்களுக்கு அனுமதியும் எங்ஙனம் பொருந்தும்? நூல்கள் பெரும்பாலும் பட்டியலை மட்டுமே தருகின்றன. அப்பட்டியல் எப்படி உருவாயிற்று என்று தேடிச் சென்றால், இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு மருத்துவ வரலாறு விரிகிறது. பாலை உண்ணலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் வெவ்வேறு விடை கூறியிருக்கிறது. விடைகள் மாறியதற்குக் காரணம் பால் மாறியதன்று. உணவை மனிதர் வகைப்படுத்திய முறை மாறியதே ஆகும்.

வரலாற்றைத் தொடங்குவதற்கு முன் வேதியியல் சிறிது தேவைப்படுகிறது. பசும்பாலில் கொழுப்பும் புரதமும் இருப்பதுபோல் லாக்டோஸ் எனும் பாற்சர்க்கரையும் இருக்கிறது. 100 மில்லி பாலில் அது ஏறத்தாழ 5 கிராம். இனிப்பு குறைந்த சர்க்கரையாதலால் நாக்கு அதைப் பெரிதாக உணர்வதில்லை, குடல் உணர்கிறது. பாலைக் கடைந்து வெண்ணெய் எடுக்கும்போது சர்க்கரை மோரோடு போய்விடுகிறது. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது அதன் பெரும்பகுதி தெளிந்த நீரோடு வடிந்துவிடுகிறது. எஞ்சியதை, கட்டி பல மாதங்கள் முதிரும் காலத்தில், நுண்ணுயிர்கள் உண்டு தீர்க்கின்றன. தயிரில் நுண்ணுயிர்கள் சர்க்கரையின் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றுகின்றன, முழுவதையும் அல்ல. அந்தப் புளிப்பமிலத்தைப் புளித்த பாலிலிருந்து 1780இல் பிரித்தெடுத்தவர் ஸ்வீடனில் வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே.

ஆக, பாலில் சர்க்கரை உண்டு என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட செய்தி. ஆயினும் அடுத்த நூறாண்டுகளில் சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பாலைக் குடம் குடமாகக் கொடுத்தார்கள் என்பதுதான் வியப்பு.

இங்கிலாந்தில் அரச பீரங்கிப் படையின் தலைமை மருத்துவராக விளங்கியவர் ஜான் ரோலோ. 1796இல் கேப்டன் மெரிடித் என்ற படை அதிகாரி நீரிழிவு முற்றிய நிலையில் அவரிடம் வந்தார். தாவர உணவே உடலில் சர்க்கரையாக மாறுகிறது என்று ரோலோ கருதினார். ஆகவே தாவரத்தைப் பெரிதும் ஒதுக்கி, விலங்குணவை முதன்மையாக்கும் முறை ஒன்றை வகுத்து, 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். மாவுச்சத்தைக் குறைத்து நோய்க்கு மருத்துவம் பார்க்கும் மரபின் தொடக்கம் என்று இந்நூலைக் குறிப்பிடுவார்கள். நண்பகலுக்கு இரத்தமும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பண்டம்; மாலையில் நாள்பட்ட இறைச்சி. காலையிலோ ஒன்றரை பைன்ட் பால், அதில் அரை பைன்ட் சுண்ணாம்புத் தெளிநீர், கூடவே ரொட்டியும் வெண்ணெயும். இரவிலும் அதுவே. நாளொன்றுக்கு மூன்று பைன்ட் பால் என்றால் இன்றைய கணக்கில் 60 கிராமுக்குக் குறையாத பாற்சர்க்கரை. சர்க்கரையை விலக்க முனைந்த ஒருவர் இதை எப்படி அனுமதித்தார்? அவருடைய உலகம் விலங்கு, தாவரம் என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. பால் விலங்கிலிருந்து வருவது. எனவே அது பாதுகாப்பான கரையில் நின்றது. வகைப்பாடு முந்திக்கொண்டது; வேதியியல் பின்தங்கிவிட்டது.

அடுத்த காட்சி லண்டனில். வில்லியம் பான்டிங் அரச குடும்பத்துக்கு ஈமச்சடங்கு ஏற்பாடுகள் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 1852இல் வெலிங்டன் கோமகனின் இறுதி ஊர்வல ஏற்பாடுகளைச் செய்ததும் அக்குடும்பமே. அறுபதைக் கடந்த வயதில் பருமன் அவரை வாட்டியது. படகு வலித்தார், நீராவிக் குளியல் எடுத்தார், பல மருத்துவர்களைக் கண்டார், பயனில்லை. 1862 ஆகஸ்டில், காது மந்தமானதற்காக, வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரை நாடினார். கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்று நிறுவிய குளோது பெர்னாரின் உரைகளைப் பாரிசில் 1856இல் கேட்டு வந்தவர் ஹார்வி. காதுக் கோளாற்றுக்கும் பருமனுக்கும் தொடர்பு உண்டு எனக் கருதிய அவர், ஓர் உணவுப் பட்டியலை எழுதித் தந்தார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவை விலக்கப்பட்டன. அப்போது 202 பவுண்டு இருந்த பான்டிங், ஓராண்டளவில் 46 பவுண்டு குறைந்தார். தம் அனுபவத்தை 1863இல் சொந்தச் செலவில் சிறு நூலாக அச்சிட்டார். முதற்பதிப்பை இலவசமாகவே வழங்கினார். நூல் பரவிய வேகத்தில் அவர் பெயர் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று. ஸ்வீடிய மொழியில் இன்றும் உடல் இளைக்க உணவைக் குறைப்பதற்கு ‘பன்டா’ என்பதே சொல். ஒரு மனிதரின் குடும்பப் பெயர் வேற்றுமொழியில் வினையடியாக வாழ்வது மொழியியல் மாணவர்களுக்குச் சுவையான செய்தி.

பான்டிங்கின் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். பால் விலக்கப்பட்டது, உடன் வெண்ணெயும் விலக்கப்பட்டது. இறைச்சியில் பன்றியும் மீனில் சால்மனும் ஒதுக்கப்பட்டன. இவை கொழுப்பு மிகுந்தவை. அதாவது, சர்க்கரையையும் மாவையும் விலக்குகிறோம் என்று எண்ணிய அந்த முதற்பட்டியல், கொழுப்பையும் சேர்த்தே அஞ்சியது. உடலைப் பருக்கவைக்கும் பொருள்கள் எல்லாம் ஒரே கூடையில் கிடந்தன. பால் சரியான பக்கம் வந்துசேர்ந்தது. ஆனால் அதற்குரிய தனிக் காரணத்தோடு வந்து சேரவில்லை.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் இருந்தது. பீட்டர்ஸ்பர்க் நகரின் மருத்துவர் பிலிப் கரெல் 1860களில் ஆடை நீக்கிய பாலையே பல நோய்களுக்கு மருந்தாகப் பரிந்துரைத்தார். 1871இல் ஆர்தர் ஸ்காட் டாங்கின் என்ற ஆங்கில மருத்துவர், நீரிழிவுக்கே ஆடை நீக்கிய பால் மருத்துவத்தை முன்வைத்து நூல் எழுதினார். ஆடை நீக்கிய பால் என்றால் கொழுப்பு போய்ச் சர்க்கரை அப்படியே நிற்கும் பால். இன்றைய பட்டியல் எதை விடுத்து எதை வைக்கிறதோ, அதற்கு நேர் தலைகீழ்.

கொழுப்பின் மீதிருந்த அச்சத்தை முதலில் உடைத்தவர்களுள் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் குறிப்பிடத்தக்கவர். 1882இல் வெளிவந்த அவரது பருமன் மருத்துவ நூல், சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விலக்கிவிட்டு, கொழுப்பைத் தாராளமாக அனுமதித்தது. அவர் வகுத்த காலையுணவில் தேநீருக்குப் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனால் ரொட்டித் துண்டின் மேல் வெண்ணெய் நிறைய உண்டு. ‘வெண்ணெய் உண்டு, பால் இல்லை’ என்ற வரிசை இங்கே தென்படத் தொடங்குகிறது.

அந்த வரிசை துல்லியமான கணக்காக மாறியது, இளைக்க விரும்பியவர்களின் சாப்பாட்டு மேசையில் அன்று. வலிப்பு நோயுற்ற குழந்தைகளின் படுக்கையருகே. உண்ணா நோன்பு வலிப்பைத் தணிக்கிறது என்பது பழைய அனுபவம். ஆனால் குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் ஒரு வழி சொன்னார். மாவுச்சத்தை மிகக் குறைத்து, கொழுப்பை மிகுதியாகக் கொடுத்தால், பட்டினியின்போது போலவே உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும், வயிறும் நிறையும். 1925இல் அதே மருத்துவமனையின் பீட்டர்மன் அளவுகளை வரையறுத்தார்: நாளொன்றுக்கு மாவுச்சத்து 10 முதல் 15 கிராம். இரண்டு குவளைப் பால் இந்த ஒதுக்கீட்டைத் தாண்டிவிடும். அதனால் அந்தச் சமையலறையில் பாலின் இடத்தைக் க்ரீம் எனப்படும் கொழுத்த பாலேடு பிடித்தது. தாய்மார் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் பாலேட்டைக் கொடுத்தார்கள். பாலா, பாலேடா என்பது இங்கே சுவையின் கேள்வி அல்ல. குழந்தைக்கு இன்று வலிப்பு வருமா என்பதோடு பிணைந்த கேள்வி.

1938இல் பெனிட்டாய்ன் மருந்து வந்தபின் இந்த உணவு மருத்துவம் மெல்ல மறக்கப்பட்டது. 1990களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை வழியாக அது மீண்டும் கவனம் பெற்றது. தம் மகன் இவ்வுணவால் நலம்பெற்ற திரைப்பட இயக்குநர் ஜிம் ஆப்ரகாம்ஸ், 1997இல் இதைக் கருவாகக் கொண்ட படம் எடுத்தார். 2008இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று 145 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. உணவு மருத்துவம் பெற்ற குழுவில் 38 விழுக்காட்டினருக்கும், பெறாத குழுவில் 6 விழுக்காட்டினருக்கும் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. இது மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்கது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இளைப்பதற்கான உணவுமுறையில் இக்கணக்கைப் பெருமக்களிடம் கொண்டுசேர்த்தவர் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ். அவரது முதல் நூல் 1972இலும், திருத்திய நூல் 1992இலும் வந்தன. முதற்கட்டம் குறைந்தது 14 நாள். நாளொன்றுக்கு மாவுச்சத்து 20 கிராமுக்குள். பால் கிடையாது. பாலேடு சில கரண்டிகள். முதிர்ந்த பாலாடைக்கட்டி 3 முதல் 4 அவுன்ஸ். இரண்டாம் கட்டத்தில் ஏணியில் ஏறுவதுபோல் வாரத்துக்கு 5 கிராம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதற்படி காய்கறிகள். முதிராத மென்மையான பாலாடைக்கட்டிக்கே இரண்டாம் படியில்தான் இடம். சிறிது பாற்சர்க்கரை அதில் எஞ்சியிருப்பதே காரணம்.

இருபது கிராம் என்ற வரம்பை நம் வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்த்தால் விலக்கின் பொருள் விளங்கும். 150 மில்லி பால் விட்டுக் கலக்கிய காபியில், சீனியே போடாவிட்டாலும், ஏழு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அப்படி மூன்று வேளை குடித்தால் அன்றைய ஒதுக்கீடு முடிந்தது. ஒரு கத்தரிக்காய்க்குக்கூட இடமில்லை. 2010களில் முகநூலில் பேலியோ உணவுக் குழுக்கள் தமிழில் பெருகியபோது, இறைச்சி உண்ணாதவர்களுக்குப் பனீரும் நெய்யும் துணையாயின. பனீரிலும் சர்க்கரை பெரும்பாலும் நீரோடு வடிந்துவிடுகிறது, சிறிதே தங்குகிறது. ஆங்கிலத்தில் இவற்றையெல்லாம் ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவதால், உண்ணலாமா கூடாதா என்ற கேள்வியும் ஒட்டுமொத்தமாகவே கேட்கப்படுகிறது. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் என்று தனித்தனியே பெயரிட்டு வாழ்ந்த நமக்கு அந்தக் குழப்பம் வரவேண்டியதில்லை.

கதை சர்க்கரையோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2001இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முரணைச் சுட்டினார்கள். பால் அருந்தியபின் இரத்தச் சர்க்கரை சிறிதளவே உயர்கிறது. ஆனால் இன்சுலின், அந்த உயர்வுக்குப் பொருந்தாத அளவில், மிகுதியாகச் சுரக்கிறது. புளித்த பாலிலும் அப்படியே. இதில் பாற்புரதத்துக்கும் பங்கு உண்டு எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே பாலை விலக்குவதற்குச் சர்க்கரை மட்டுமே முழு விளக்கம் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் அளவு குறிக்கப்பட்டிருப்பதற்கு வேறு காரணம்: அவற்றில் சர்க்கரை இல்லை என்பதால் கலோரியும் இல்லை என்று ஆகிவிடாது.

ரோலோவுக்குப் பால் விலங்குணவு. ஹார்விக்கும் பான்டிங்குக்கும் அது பருக்கவைக்கும் பொருள். வைல்டருக்கும் அட்கின்சுக்கும் அது சர்க்கரை கரைந்த கொழுப்பு நீர். லுண்ட் ஆய்வாளர்களுக்கு இன்சுலினைத் தூண்டும் புரதம். குவளையில் இருந்தது என்றும் ஒன்றுதான். நாம் கையில் வைத்திருக்கும் உணவுப் பட்டியலும் இவ்வரிசையில் ஒன்று, இறுதியானதன்று. பட்டியலைப் பின்பற்றுவோர் ஒவ்வொரு விலக்கையும் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்கப் பழகிக்கொள்வது நல்லது. காரணம் தெரிந்தால்தான், இரண்டு வாரம் கழிந்தபின் எதைத் திரும்பச் சேர்க்கலாம், எவ்வளவு சேர்க்கலாம் என்பது தெரியும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் அந்தக் கேள்வியைத் தம் மருத்துவரிடமே முதலில் கேட்க வேண்டும்; உணவு மாறும்போது மருந்தின் அளவும் மாறவேண்டியிருக்கலாம்.

காரணம் மறந்து பெயர் மட்டும் நிலைப்பதற்குச் சான்று ஒன்று. 2013இல் தென்னாப்பிரிக்காவில் டிம் நோக்ஸ் உள்ளிட்டோர் எழுதிய உணவு நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அந்த உணவுமுறையை அந்நாட்டினர் ‘பான்டிங்’ என்றே அழைக்கிறார்கள். வெண்ணெயும் பாலேடும் அதில் தடையின்றி உண்ணத்தக்க பொருள்களின் வரிசையில் இடம்பெற்றிருக்கின்றன. 1863இல் அந்த நல்ல மனிதர் தம் கைக்காசைச் செலவிட்டு அச்சிட்ட நூலில், விலக்கியவற்றுள் ரொட்டிக்கு அடுத்தபடியாக அவர் எழுதிய சொல், வெண்ணெய்.