"லினக்ஸ்ல வைரஸ் வராது" - ஒரு வரியின் வரலாறு

டிஸ்கி: இது லினக்ஸ் பெருசா விண்டோஸ் பெருசாங்கற சண்டைப் பதிவு இல்லீங்க. கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் சரித்திரம், நிறைய பாவமன்னிப்பு.

நமக்கு சொந்த ஊரு முசரவாக்கம். காஞ்சிபுரத்துக்குப் பக்கம். மாமா ஒருத்தர் காஞ்சிபுரத்துல தறிக்காரங்ககிட்ட பட்டுச்சேலை நெய்யக் குடுத்து வாங்கறவர். எந்தத் தறிக்கு எந்தப் பாவு போச்சு, எத்தனை கிராம் சரிகை குடுத்தோம், கூலியில முன்பணம் எவ்வளவு கழிக்கணும், எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. யாரோ சேலை டிசைன் கொண்டாந்த பென் டிரைவ்ல வைரஸ் வந்து அது படுத்துடுச்சு. 2019-ல நான் போய், பந்தாவா உபுண்டு போட்டுக் குடுத்து, ஒரு வரி சொன்னேன்: "இனிமே கவலையே படாதீங்க மாமா, லினக்ஸ்ல வைரஸ் வராது."

சென்னையில உக்காந்து பொட்டி தட்டிக்கிட்டே மாமா கம்ப்யூட்டரையும் கவனிச்சுக்கலாம்னு, அவர் வீட்டு ரவுட்டர்ல ஒரு கதவைத் திறந்து எஸ்எஸ்எச் வெச்சேன். வெளியூர்ல இருந்தே நம்ம கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சு வேலை பார்க்கற வழி அது. பாஸ்வேர்டு? ஊர் பேரும் 123-ம். மாமாவுக்கு மறந்துடக் கூடாதுல்ல!

ஆறு மாசம் கழிச்சு ஒரு போன். "டேய், கம்ப்யூட்டரு ராத்திரியெல்லாம் உறுமுதுடா. தொட்டா கொதிக்குது." உள்ளே போய்ப் பார்த்தா, எங்கிருந்தோ வந்த புண்ணியவான் ஒருத்தன் பாஸ்வேர்டை ஊகிச்சு நுழைஞ்சு, மாமா கரண்ட்டுல கிரிப்டோ காசு தோண்டிக்கிட்டிருக்கான். கணக்கு எதுவும் போகலை. அந்த வகையில தப்பிச்சோம். அப்படியே போயிருந்தாலும் மாமா சமாளிச்சிருப்பார், என்னை நம்பாம எல்லாத்தையும் நோட்டுலயும் எழுதி வெச்சிருந்தார். அவர் திட்டவே இல்லை. "நீதானடா இதுக்குப் பூட்டே வேணாம்னு சொன்ன?"ன்னு கேட்டார். அவ்வளவுதான்.

அன்னியில இருந்து அந்த ஒரு வரி எங்கேர்ந்து வந்துச்சு, எப்ப உண்மையா இருந்துச்சு, எப்ப பொய்யாச்சுன்னு தேடிக்கிட்டே இருக்கேன். தேடினதுல கிடைச்சது கீழே.

வீட்டுக்காரனும் வாடகைக்காரனும்

வரி சும்மா வந்துடலை. 1969-ல பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை ஆரம்பிச்சப்ப, ஒரே மெஷினைப் பல பேர் பங்கு போட்டுக்கிட்ட காலம். அதனால என் கோப்பை நீ தொடக் கூடாது, உன் கோப்பை நான் தொடக் கூடாது, ரூட்டுங்கற வீட்டுக்காரர் மட்டும் எல்லா அறைக்கும் போகலாம்னு சீக்கிரமே விதி வந்துடுச்சு. 1991 ஆகஸ்ட்ல லினஸ் டோர்வால்ட்ஸ் தன்னோட கர்னலைப் பத்தி அறிவிச்சப்ப, அந்த விதியும் கூடவே வந்துச்சு. அதே 90-கள்ல நம்ம வீடுகளுக்கு வந்த விண்டோஸ் 95, 98-ல இந்தத் தடுப்பே கிடையாது. உக்காந்தவன் எல்லாம் வீட்டுக்காரன். 2001-ல வந்த எக்ஸ்பியிலயும் முதல்ல உருவாக்கற ஆளுக்கு முழு அதிகாரம்தான். வைரஸுக்குக் கொண்டாட்டம்.

ஆனா யூனிக்ஸ் குடும்பத்துக்கும் ஒரு கறுப்பு நாள் உண்டு. 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதின ஒரு புழு, அன்னிய இணையத்துல இருந்த வேக்ஸ், சன் மெஷின்கள்ல புகுந்துச்சு. மொத்தம் சுமார் 60,000 மெஷின்ல 6,000 வரைக்கும் மாட்டியிருக்கும்னு ஒரு கணக்கு. அது நுழைஞ்ச வழிகள்ல ஒண்ணு என்ன தெரியுமா? பாஸ்வேர்டை ஊகிச்சுப் பார்க்கறது! ஆளோட பேரு, பேரைத் திருப்பிப் போட்டது, அப்புறம் ஒரு சின்ன வார்த்தைப் பட்டியல். 31 வருஷம் கழிச்சு அதே வித்தை எங்க மாமா வீட்டுல பலிச்சிருக்கு. என்னத்தைச் சொல்ல.

நூடுல்ஸ் கொடுத்த பாடம்

இந்தியாவுல பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. ஆனா லினக்ஸை டவுன்லோடு பண்ற அளவுக்கு அன்னிக்கு எவன்கிட்ட லைன் இருந்துச்சு? பத்திரிகையோட இலவசமா வந்த சிடிதான் கதி. பிசிக்யூ பத்திரிகை குடுத்த லினக்ஸ் சிடியில ஆரம்பிச்சவங்க நம்ம ஊர்ல நிறைய பேர். அந்தக் காலத்துல இன்ஸ்டால் பண்றதே பெரிய வித்தை. அதனால இன்ஸ்டால் ஆயிடுச்சுன்னா சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். அதுக்கப்புறம் பூட்டறதைப் பத்தி யாரு யோசிச்சா?

அன்னிக்கு லினக்ஸ் போட்டா, எஃப்டிபி, பிரிண்டர் சர்வர்னு நாம கேக்காத சேவைங்களும் தானா ஓட ஆரம்பிச்சுடும். வீட்டுக்குப் பத்து வாசல் வெச்சு பத்தையும் திறந்து போட்ட மாதிரி. 2001 ஜனவரியில ராமென்னு ஒரு புழு வந்து ரெட் ஹேட் 6.2, 7.0 மெஷின்களைத் தேடிப் பிடிச்சுது. வெப்சைட் முகப்பை மாத்திட்டு அங்கே நூடுல்ஸைப் பத்தி எழுதி வெச்சுட்டுப் போச்சு. கொடுமை என்னன்னா, அது நுழைஞ்ச ஓட்டைக்கெல்லாம் திருத்தம் முன்னாடியே வந்தாச்சு. போடத்தான் ஆள் இல்லை.

அதுக்கப்புறம்தான் 'முதல்ல எல்லாத்தையும் மூடு, வேணுங்கறதை மட்டும் திற'ங்கற பழக்கம் வலுவாச்சு. பாஸ்வேர்டைப் பச்சையா அனுப்பற டெல்நெட் போய், 1995-ல பின்லாந்துல டாட்டு யலோனென் எழுதின எஸ்எஸ்எச் முறை பரவிச்சு. அதோட இலவச வடிவம் ஓப்பன்எஸ்எஸ்எச் 1999-ல வந்துச்சு. 2004 அக்டோபர்ல வந்த உபுண்டு, ரூட் கணக்கையே பூட்டி வெச்சு, தேவைப்படறப்ப மட்டும் சூடோ போட்டு அதிகாரம் வாங்கற முறையை சாதா ஜனங்களுக்குப் பழக்கிச்சு.

நம்ம ஊர்ப் பெருமை

இப்ப தமிழ்நாட்டுக் கதை. நாம காலரைத் தூக்கி விட்டுக்க வேண்டிய இடம் இது. அரசாங்க ஆபீஸ்ல லினக்ஸ் வந்ததுக்குப் பின்னாடி எல்காட் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அப்ப அதோட நிர்வாக இயக்குநரா இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முதல்ல தன் மெஷினை மாத்தி, அப்புறம் ஆபீஸை மாத்தினார். பள்ளிக்கூடங்களுக்காக சுமார் 30,000 கம்ப்யூட்டர்ல சூசே லினக்ஸ் போடற திட்டம் வந்துச்சு. செலவு குறையும்ங்கறது ஒரு காரணம். வைரஸ் தொல்லை இன்னொரு காரணம்.

2007 ஜனவரியில சென்னை சி-டாக் தயாரிச்ச பாஸ் லினக்ஸ் வெளிவந்துச்சு. டெபியனை அடிப்படையா வெச்சு, இந்திய மொழிகளுக்கு வசதி பண்ணினது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கிச்சு. முதல் வருஷத்துக்குக் கேட்ட டெண்டரே 9 லட்சத்து 12 ஆயிரம் லேப்டாப்புக்கு. அதுல விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ரெண்டுமே இருந்துச்சு. எங்க தெரு அண்ணன் ஒருத்தருக்கு வந்த அந்த லேப்டாப்லதான் நான் முதன்முதலா லினக்ஸைப் பார்த்தேன். நெட்டு கிடையாது, சொல்லித் தர ஆளும் கிடையாது. ஒரு வாரத்துல பாஸை அழிச்சுட்டு, அந்த இடத்துல சினிமாப் படமா நிரப்பிட்டார். :-)

இந்தக் காலத்துல அந்த வரி ஓரளவு உண்மைதான்னு சொல்லணும். அன்னிக்கு ஸ்கூல், ப்ரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை எல்லாத்துலயும் ஆடினது பென் டிரைவ் வைரஸ். செருகின உடனே தானா ஓடற விண்டோஸ் வசதியை அது பிடிச்சுக்கிச்சு. பழைய விண்டோஸ்ல இதை அடைக்கிற திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் பரப்பினது 2011 பிப்ரவரியிலதான். அந்த வைரஸ் லினக்ஸ்ல ஓடாது. அதைப் பார்த்த வாத்தியாரும் பையனும் "லினக்ஸ்ல வைரஸ் வராது"ன்னு சொன்னதுல தப்பில்லை.

தப்பு எங்கன்னா, 'அந்த வைரஸ் வராது'ங்கறது 'எதுவுமே வராது'ன்னு ஆயிடுச்சு. எத்தனை மெஷின்ல போட்டோம்னு கணக்கு வெச்ச நாம, எத்தனை மெஷினுக்கு அப்டேட் போச்சுன்னு கணக்கு வெக்கலை. நானும் வெக்கலை.

சரிகை உரைக்காத பட்டு

இன்னொரு விஷயம். சரிகையை சோதிக்காம எங்க மாமா ஒரு சேலை எடுக்க மாட்டார். "பளபளப்பைப் பார்த்து வாங்கறவன் பட்டு வியாபாரம் பண்ணக் கூடாது"ம்பார். நாம லினக்ஸ் ஐஎஸ்ஓ இறக்கறப்ப அப்படி சோதிக்கிறோமா?

2016 பிப்ரவரி 20-ல லினக்ஸ் மின்ட் வெப்சைட்டுக்குள்ள புகுந்த ஒருத்தன், டவுன்லோடு லிங்கை மாத்தி, பின்வாசல் வெச்ச போலி மின்ட்டைக் குடுத்தான். அன்னிக்கு அங்கே இறக்கினவங்க கையில நல்ல சேலை மாதிரியே இருக்கற போலிச் சேலை. கோப்போட ஹாஷையும் டிஜிட்டல் கையெழுத்தையும் சரி பார்க்கறது இதுக்காகத்தான்.

சில நேரம் தப்பு நெய்யற இடத்துலயே நடக்கும். 2006-ல டெபியன்காரங்க ஓப்பன்எஸ்எஸ்எல்ல ஒரு வரியை நல்லெண்ணத்துல நீக்கினாங்க. விளைவு, ஒவ்வொரு வகைச் சாவிக்கும் உலகத்துல மொத்தமே 32,767 சாவிதான் உருவாகும்ங்கற நிலை. 2008 மே மாசம் லூசியானோ பெல்லோ கண்டுபிடிச்சுச் சொல்றவரைக்கும் யாருக்கும் தெரியலை. உபுண்டுவும் டெபியன் வழி வந்ததுதான், அதுவும் மாட்டிக்கிச்சு.

2016-ல வந்த மிராய், வீட்டுக் கேமரா, ரவுட்டர்னு லினக்ஸ் ஓடற சின்னச் சின்ன சாமானைப் பிடிச்சுது. ஆயுதம்? கம்பெனியில குடுத்து யாரும் மாத்தாத பாஸ்வேர்டுங்க, ஒரு 60 சொச்சம். அதை வெச்சே அக்டோபர் 21 அன்னிக்குப் பெரிய பெரிய வெப்சைட்டுங்க எல்லாம் படுத்துச்சு.

கடைசியா 2024 மார்ச் 29. எக்ஸ்இசட்னு ஒரு சின்ன மென்பொருள். ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லபிள்ளையா உதவி பண்ணி நம்பிக்கை சம்பாதிச்ச ஓர் ஆள், அதுல பின்வாசல் வெச்சுட்டார். ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்டுங்கற எஞ்சினியர், தன் மெஷின்ல எஸ்எஸ்எச் உள்ளே போக அரை நொடி கூட ஆகுதேன்னு சந்தேகப்பட்டு நோண்டினதுல அது வெளிய வந்துச்சு. அரை நொடிங்க! மாமா ராத்திரி உறுமல் கேட்டு போன் பண்ணினதும் அதே ரகம்தான்னு எனக்குத் தோணும். வழக்கம் மாறினா கவனிக்கிற ஆள் ஒருத்தர் வேணும். மூலநிரல் திறந்திருந்தா யாரு வேணா பார்க்கலாம். ஆனா யாராவது பார்க்கணும்ல?

மறுபடி மாமா வீடு

திருடன் புகுந்த மெஷினைத் துடைச்சு வெச்சா போதாது. முழுசா அழிச்சேன். ஐஎஸ்ஓவோட ஹாஷையும் கையெழுத்தையும் சரி பார்த்துட்டுப் புதுசா போட்டேன். ரவுட்டர்ல திறந்த கதவை மூடிட்டேன். இப்ப விபிஎன் வழியாத்தான் போறேன். எஸ்எஸ்எச்ல பாஸ்வேர்டே கிடையாது, சாவிக் கோப்பு மட்டும். ரூட் நேரா நுழைய முடியாது. மாமாவுக்கு அதிகாரம் இல்லாத சாதா கணக்கு. ஃபயர்வால் போட்டாச்சு. பாதுகாப்புத் திருத்தமெல்லாம் தானா இறங்கும். வாரம் ஒரு தடவை கணக்கு தனி டிஸ்க்குக்குப் போகும். காப்பி எடுத்ததும் டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல வெக்கறது மாமா பொறுப்பு. எல்லாம் சேர்த்து ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆச்சு. இதை முதல் நாளே பண்ணியிருக்கலாம்.

நோட்டை மட்டும் அவர் இன்னும் நிறுத்தலை. நானும் நிறுத்தச் சொல்லலை.

இப்ப ஊர்ல யாராவது "லினக்ஸ்ல வைரஸ் வராதாமே தம்பி?"ன்னு கேட்டா, "வராம பார்த்துக்கலாம்ணே, ஆனா பார்த்துக்கணும்"னு சொல்றேன். கேக்கறவங்க முகத்துல முன்ன மாதிரி பிரகாசம் வரமாட்டேங்குது. பரவாயில்லை.

பி.கு: தமிழ்லயே கத்துக்கணும்னா 2012 ஜனவரியில தொடங்கின கணியம் இருக்கு. காஞ்சிபுரம் பக்கம்னா காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கு. கேக்க வெக்கப்படாதீங்க. நான் வெக்கப்பட்டதுக்கு மாமா கரண்ட் பில் கட்டினார்.